இராமையா மகன் அடித்த அடி

பண்டாரவளையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிற பஸ்ஸில் ஏறிவிட்டால், இறங்குகிறவரைக்கும் திரும்பி நிற்கக்கூட இடம் கிடையாது. ஒரு கையில் மரக்கறிப் பை, இன்னொரு கையில் மேல் கம்பி, முதுகில் யாருடைய முழங்கையோ. அந்த நிலையில் நான் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் கண்டக்டர் ஒரு புது சீடியைப் போட்டான். முதலில் ஜனங்கள் விசிலடிக்கிற சத்தம். அப்புறம் தப்பு மேளச் சத்தம். அப்புறம் என் தம்பி அஜந்தனின் குரல்.

"நான் யாரு? இராமையா மகன்!
எந்த ஊரு? ஆனைக்கல்லு!
எந்த லயம்? ஆறாம் லயம்!
கதவு ஒண்ணு, ஜன்னல் இல்ல,
காத்து வந்தா மழையும் வரும்!"

பாட்டு எனக்குப் புதிது இல்லை. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அவன் கத்திக் கத்தி எனக்கே மனப்பாடம். நான் பயந்தது பாட்டுக்குப் பின்னால் விழுந்த அடிக்கு. அது கேதத்துக்கு அடிக்கிற அடி. பிணத்தைத் தூக்கிக்கொண்டு லயத்து வரிசை வீட்டைவிட்டுப் புறப்படும்போது தப்பில் அடிப்பது. பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆனைக்கல் தோட்டத்து ஆட்கள், பிறந்ததிலிருந்து அந்த அடியைக் கேட்டவர்கள்.

"யாத்தே, எங்க கேதம்?" என்றாள் முன் சீட்டில் இருந்த ஒருத்தி.

"கேதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பஸ்காரன் பாட்டுப் போடுறான்."

"இது இராமையா அடி மாதிரியில்ல இருக்கு?"

"இராமையா எங்க இப்ப அடிக்கிறாரு? அவரு மகன் அடிக்கிறான். பேரச் சொல்றானே, காதுல விழலையா?"

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. இறங்கி நடந்துவிடலாம் என்றால் வெளியே கொட்டுகிற மழை, ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். அந்தப் பாட்டு முடிந்து, கண்டக்டர் பாவி அதையே மறுபடி போட்டு, அதுவும் முடிகிறவரைக்கும் நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

எதற்கு இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தப்பு அடிப்பது எங்கள் வீட்டுக்கு விதித்த வேலை. யார் விதித்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் விலக்கு மட்டும் கிடையாது. தோட்டத்தில் யார் செத்தாலும் அப்பாவுக்குத்தான் முதலில் ஆள் வரும். காய்ச்சலோ குளிரோ, எழுந்து போய்ச் சருகைக் கொளுத்தித் தப்புக்குச் சூடு காட்டி அடிக்கவேண்டும். கடைசியில் ஒரு புதுத் துண்டு, கொஞ்சம் அரிசி, அரைப் போத்தல் சாராயம். அதையும் கையில் தரமாட்டார்கள். தரையில் வைப்பார்கள், குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அம்மா வேலாயி செத்தபோது எனக்குப் பதினான்கு வயது, அஜந்தனுக்கு எட்டு. கொழுந்து மலையில் மயங்கி விழுந்தவளை லயத்துக்குத் தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது. அப்பா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அப்போது தோட்டத் தலைவர் கந்தப்பன் வந்து வாசலில் நின்று, "இராமையா, பொழுது போவுது. இதுக்கும் நீதானே அடிக்கணும்? இந்த ஒரு தரம் அடிச்சிடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அப்பா எழுந்தார். தன் பெண்டாட்டி பிணத்துக்கு முன்னால் தானே தப்படித்துக்கொண்டு சுடுகாடுவரைக்கும் போனார். திரும்பி வந்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து அந்தத் தப்பின் தோலைக் குறுக்காகக் கிழித்தார். அதற்குப் பிறகு எவன் கூப்பிட்டும் போகவில்லை.

சும்மா விட்டார்களா? ஒரு வருஷம் எங்களோடு யாரும் பேசவில்லை. கோயில் பொங்கல் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. அப்பா அசையவில்லை. கடைசியில் அவர்களே சலித்துப்போய், கேதம் விழுந்தால் பூனாகலைப் பக்கத்திலிருந்து ஆள் கூட்டி வர ஆரம்பித்தார்கள். 'இராமையா கையில தப்பு நிக்கல, மகனுக்குச் சொல்லியும் குடுக்கல' என்று ஊர் தானாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. அந்த ஒரு பேச்சுக்குள் நாங்கள் பதினொரு வருஷம் ஒளிந்துகொண்டிருந்தோம்.

அதைத்தான் என் தம்பி பதுளையில் மைக்கில் உடைத்தான்.

இரண்டாயிரத்து ஐந்து சித்திரைப் புத்தாண்டுக்குப் பதுளையில் ஓர் இசை நிகழ்ச்சி. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் அஜந்தனுக்கும் அவனுடைய கூட்டாளி ஹுமைத்துக்கும் ஒரு ஹிப் ஹொப் பாட்டுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஹுமைத் பண்டாரவளைப் பையன், தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாயாலேயே டமாரம் கொட்டுவான். இரண்டு பேரும் மேடை ஏறி நாலு வரி சொல்வதற்குள் இசை போட்ட சீடி சிக்கிக்கொண்டது. 'தக் தக் தக்' என்று ஒரே இடத்தில் இடிக்கிறது. ஜனம் ஊளையிட்டது. போத்தல் ஒன்று பறந்து வந்தது. ஹுமைத் பயந்து மைக்கை விட்டுப் பின்வாங்கினான்.

மேடைக்குப் பின்னால் வேறொரு தோட்டத்திலிருந்து காமன் கூத்து ஆட வந்தவர்கள் தப்புகளைச் சூடு காட்டி வைத்திருந்தார்கள். அஜந்தன் பாய்ந்து போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். யாரும் சொல்லிக் கொடுக்காத கை. அதற்குத் தெரிந்தது சின்ன வயதில் கேட்டுக் கேட்டு ஊறிப்போன ஒரே அடி, கேதத்து அடி. அதையே அடித்தான். அதற்கு மேலே பாடினான். "நான் யாரு?" என்று கேட்டான். பதுளை டவுனே "இராமையா மகன்!" என்று திருப்பிக் கத்தியது.

பொய் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் நின்று நானும் கத்தினேன். அப்பாவின் பேரை அத்தனை ஜனம் கும்பிடுகிற மாதிரிச் சொன்னதைக் கேட்டு அழுதுவிட்டேன். அந்த இடத்தில் அது சாவு அடி என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மைக் செட் பலீல் நானாவுடையது, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். பதுளையில் யார் பாடினாலும் மிக்சரிலிருந்து ஒரு வயரை இழுத்து அவர் பதிவு செய்துவிடுவார். அடுத்த கிழமை, ஏழே நாளில், அது சீடியாகி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். பாடினவனைக் கேட்கிற வழக்கம் எல்லாம் இல்லை. கேட்டிருந்தாலும் என் தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டியிருப்பான், அது வேறு விஷயம்.

பஸ்ஸோடு போயிருந்தால்கூடத் தப்பியிருப்போம். போகவில்லை. வைகாசியில் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்த பையன்கள், புனல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த சீடியைப் போட்டுவிட்டார்கள். காலை நேரம். நான் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவள். கொழுந்துக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தவள், கோயில் பக்கமிருந்து அந்த அடி கிளம்பியதும் கரண்டியைப் போட்டுவிட்டேன்.

கோயிலை ஒட்டித்தான் தலைவர் கந்தப்பன் வீடு. அவருடைய அப்பா பொன்னையா கங்காணி மூன்று மாதமாகப் படுத்த படுக்கை. மலையில் நின்ற பெண்களுக்குப் பாட்டு கேட்கவில்லை. காற்றில் அடி மட்டும்தான் ஏறிப்போயிருக்கிறது. தோட்டத்தில் சாவுத் தப்பு கேட்டால் வேலை நிற்கும், அது எங்கள் வழக்கம். அத்தனை பேரும் கூடையை இறக்கிவிட்டு, கணக்கப்பிள்ளை கத்தக் கத்தக் காதில் வாங்காமல் மலையை விட்டு இறங்கினார்கள். மாராப்பை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு, "எங்க கங்காணியே, எங்கள விட்டுப் போனியே" என்று ஒப்பாரி வைத்துக்கொண்டு தலைவர் வீட்டு வாசலில் போய் விழுந்தார்கள்.

உள்ளே பொன்னையா கங்காணி தலையணையில் சாய்ந்து தேயிலைச் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா செத்தது?" என்று கேட்டாராம்.

லயம் லயமாகச் சிரித்தார்கள். நானும் பிள்ளை மடுவத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு நோகச் சிரித்தேன். அன்றைக்கு அரை நாள் வேலை போயிற்று. தோட்டத்தை நடத்துகிற துரை தலைவரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் ஏசினார். கந்தப்பனுக்கு மூக்கு அறுந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த மனுஷர் அவமானத்தை முழுங்குகிற ரகம் இல்லை.

அடுத்த நாள் பெரட்டுக்களத்தில், எல்லாரும் வேலைக்கு வரிசையில் நிற்கும்போது, அப்பாவைப் பேர் சொல்லி முன்னால் கூப்பிட்டார். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர்.

"ஏன் இராமையா, மகனுக்குத் தொழில் தெரியாதுன்னு ஊர நம்ப விட்ட?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே தொடர்ந்தார்.

"ஊர் ஊராப் போயி நான் இராமையா மகன்னு கத்துறான். பதுளையில அடிக்கிற கை இங்க அடிக்காதா? எங்கப்பா கண்ண மூடுனா உன் மகன்தான் அடிக்கணும். சொல்லிப்புட்டேன்."

அது வெறும் மிரட்டல் என்றால் அப்பா மாதிரியே நாங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்போம். ஆனால் அதே கிழமைதான் கொழும்பிலிருந்து ஹுமைத்துக்குச் செய்தி வந்தது. பாட்டுப் பதிவு செய்கிற ஒருவர் அந்த சீடியைக் கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் வந்து பாடுங்கள், தங்க இடம் தருகிறேன் என்றிருக்கிறார். ஹுமைத்துக்கு அடையாள அட்டை இருந்தது. என் தம்பிக்கு இல்லை. லயத்தில் பிறந்தவன், பிறந்ததை யாரும் பதியவில்லை. அட்டை இல்லாத தமிழ்ப் பையன் கொழும்புக்குப் போனால் முதல் ஆமி செக் பொயிண்டிலேயே பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு எங்கே தேடுவது? 'இவன் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன்தான், இராமையா மகன்தான்' என்று தலைவர் துரைக்கு முன்னால் வந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் ஆபீசில் மேற்கொண்டு பார்ப்பார்கள். அதைத்தான் அவன் ஊவா மாகாணம் முழுக்கக் கேட்கக் கத்தியிருந்தான். அது போதவில்லை.

அஜந்தன் கந்தப்பன் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றான். "கேதத்துக்கு அடி, அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் வீடே ஓர் அறைதான், அந்த ஒற்றைக் காம்பராவுக்குள் அவன் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. கதவிலிருந்து அடுப்புவரை, அடுப்பிலிருந்து கதவுவரை. பாட்டையே விட்டுவிட்டான். ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்.

"அக்கா, ஒரே ஒரு தரந்தானே. கண்ண மூடிக்கிட்டு அடிச்சிட்டுப் போயிடுறேன். அப்புறம் எவன் என்னப் புடிக்கப் போறான்?"

எனக்கும் சபலம்தான். தொலையட்டும், அடித்துவிட்டுப் போ, ஒருத்தனாவது இந்தக் குழியை விட்டு ஏறட்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. மூலையில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"எனக்கும் ஒரு தரம்னுதான்டா சொன்னாங்க."

அதற்குப் பிறகு அஜந்தன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் பொன்னையா கங்காணிக்கு இருமல் கூடுகிறதா குறைகிறதா என்று தினமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். அந்தக் கிழவர் நூறு வயது இருக்கட்டும் என்று நானும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அந்த வீட்டு மனுஷருக்கு நான் நேர்ந்துகொண்டதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஐப்பசி மழையில் அவர் போய்விட்டார்.

விடிந்ததும் ஆள் வந்தது. "தலைவர் தம்பியக் கூப்பிடுறாரு." அஜந்தன் கதவுக்குப் பின்னால் நின்று, "வர மாட்டேன்னு சொல்லு" என்றான். இரண்டாவது ஆள் வந்தது. அதற்கும் அதே பதில். பூனாகலை ஆட்களைக் கூட்டிவர இந்த மழையில் பாதை இல்லை, மண் சரிந்து கிடக்கிறது. இனி கந்தப்பனே நேரில் வருவார், அடித்து இழுத்துக்கொண்டு போவார் என்று நான் உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டு, அரிசிப் பெட்டியை நகர்த்தி முட்டுக் கொடுத்தேன். மூன்று பேரும் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். பகல் நேரம்தான், ஆனால் எங்கள் காம்பராவில் கதவைச் சாத்தினால் பகலும் கிடையாது.

யாரும் வரவில்லை. அதற்குப் பதிலாக விசில் சத்தம் கேட்டது. ஜனங்கள் கைதட்டுகிற சத்தம். பிறகு, அந்த அடி.

ஓர் ஆட்டோவின் தலையில் கோயில் ஒலிபெருக்கியைக் கட்டி, பாடைக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். பலீல் நானாவின் சீடி பாடுகிறது. பதுளை மேடையில் அடித்த கை, ஆனைக்கல்லில் பொன்னையா கங்காணிக்கு அடிக்கிறது.

"நான் யாரு? இராமையா மகன்!"

"அட நாசமாப் போறவனுங்களே!" என்று நான் கத்தினேன். அந்தப் புனலின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அஜந்தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராகச் சுருண்டான். அவன் வாய் மாட்டேன் மாட்டேன் என்கிறது, அவன் குரல் வெளியே லயத்துப் பேரையும் அப்பன் பேரையும் சொல்லிச் சொல்லி அடிக்கிறது. ஆறாம் லயத்துக்கு எதிரே வந்ததும் ஆட்டோ நின்றது. பாட்டு முடிய, மறுபடி போட்டார்கள். பதுளை ஜனம் மறுபடி கைதட்டியது.

அப்பா அந்த சீடியை அதுவரைக்கும் கேட்டதில்லை. பஸ்ஸில் ஏறமாட்டார், திருவிழாவுக்குப் புனல் கட்டின அன்றைக்குத் தூரத்து மலையில் இருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் விரல் முழங்காலில் தாளம் போடுவதைப் பார்த்தேன்.

"சொல்லியே குடுக்கலையேடா நான்," என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. "எங்கடா கத்துக்கிட்ட?"

மறுநாள் காலையில் தலைவர் வீட்டு ஆள் ஒருவன் வந்தான். எங்கள் இஸ்தோப்புத் திண்ணைப் படிக்குக் கீழே, ஈர மண்ணில், ஒரு வாழை இலையைப் போட்டு அதன் மேல் வைத்தான். புதுத் துண்டு. அரிசி. அரைப் போத்தல் சாராயம்.

"என்னா இது?" என்றேன்.

"அடிச்ச கூலி அக்கா. தலைவர் குடுத்துவிட்டாரு."

"யாருடா அடிச்சா? சீடி அடிச்சிச்சு. கொண்டுபோயி சீடிக்குக் குடு!"

"எனக்கு எதுக்கு அக்கா வம்பு? சொல்லச் சொன்னதச் சொல்றேன். இத எடுத்துக்கிட்டா, தம்பிய நாளைக்கி ஆபீசுக்கு வரச் சொன்னாரு. இராமையா மகன்தான்னு துரைகிட்ட அவரே சொல்லுவாராம். எடுக்கலேன்னா வர வேணாமாம்."

"அதக் கையில குடுக்க வராதோ?"

பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாரும் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார்கள். எடுத்தால் அட்டை. எடுத்தால், அடித்தது நாங்கள்தான் என்று ஒத்துக்கொண்டதாகவும் ஆகும். அந்த மனுஷர் உட்கார்ந்து யோசித்துத்தான் அனுப்பியிருக்கிறார்.

அஜந்தன் வெளியே வந்தான். இலையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். அவன் முழங்கால் மடிவது எனக்குத் தெரிந்தது. அதற்குள் அப்பா அவனைத் தோளைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினார்.

"நீ குனியாத," என்றார். "நான் குனிஞ்சு பழகினவன்."

படியிறங்கிப் போய், எல்லாரும் பார்த்திருக்க, குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு.

மறுநாள் கந்தப்பன் ஆபீசில் சொன்னபடியே சொன்னார். தை பிறக்கும்போது அட்டை கைக்கு வந்தது. அஜந்தன் போகிற அன்றைக்கு அப்பா ரோடுவரைக்கும் வந்து, "திரும்பி வராத" என்று மட்டும் சொன்னார்.

இப்போது கொழும்பில் பாடுகிறான். நன்றாக இருக்கிறான். கிழமைக்கு ஒரு தரம் கடைக்கு ஃபோன் எடுத்து, "அப்பா என்னா செய்றாரு அக்கா?" என்று கேட்பான். "சும்மாதான் இருக்காரு" என்பேன். தோட்டத்தில் யார் செத்தாலும் அந்த ஆட்டோ கிளம்புகிறது என்று சொல்வதில்லை. பூனாகலைக்கு இப்போது யாரும் ஆள் அனுப்புவதில்லை. சீடிக்குக் காய்ச்சல் இல்லை, குளிர் இல்லை, மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. அடுத்த நாள் காலையில் எங்கள் படிக்குக் கீழே இலை வரும். அப்பா குனிந்து எடுப்பார். ஒரு தரம் எடுத்தாயிற்று, இனி எப்படி விடுவது?

ஆத்திரத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒரு சீடி வாங்கிவந்து அம்மிக் குழவியால் நொறுக்கினேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனைய ஒடைப்ப?" என்றார். சிதறின துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "நான் போனாலும் அவன்தான் அடிப்பானா புள்ள?" என்று கேட்டார்.

"இல்லப்பா. நான் விடமாட்டேன்" என்றேன்.

கீழே ரோட்டில் பண்டாரவளை பஸ் வளைவு திரும்பியது. அதற்குள்ளிருந்து என் தம்பி, இராமையா மகன், ஆனைக்கல்லு, ஆறாம் லயம் என்று சொல்லிக்கொண்டே போனான்.